ஹீலியம் கசிவுச் சோதனை: அறிகுறியிலிருந்து காரணத்தை அடையும் வழிமுறை

வெற்றிடக் கலன்கள், வெப்பப் பரிமாற்றிகள், குளிர்பதனச் சுருள்கள், ஏவுகலங்களின் எரிபொருள் தொட்டிகள் என, நுண்ணிய கசிவைக்கூட அனுமதிக்க முடியாத பொருள்களைச் சோதிக்கும்போது தொழிற்கூடங்கள் ஹீலியத்தையே நாடுகின்றன. அதன் அணு மிகச் சிறியது, அது எதனோடும் வினைபுரியாது, தீப்பிடிக்காது, நச்சும் அன்று. காற்றில் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 5 பங்கு மட்டுமே இருப்பதால், நாம் செலுத்திய ஹீலியத்தைச் சூழலில் உள்ள ஹீலியத்திலிருந்து பிரித்தறிவதும் எளிது. நிறை எண் 4-க்கு இசைவிக்கப்பட்ட சிறிய நிறை நிறமாலைமானியும் (அயனிகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்தறியும் கருவி) அதற்குத் தேவையான பம்புகளும் சேர்ந்ததே ஹீலியம் லீக் டிடெக்டர். வழக்கமான தெளிப்பு முறையில், பொருளை இக்கருவியோடு இணைத்து உள்ளே வெற்றிடமாக்கி, வெளியே ஹீலியத்தைத் தெளிப்போம்; துளையின் வழியே உள்ளே புகும் ஹீலியத்தைக் கருவி கசிவாகக் காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைச் செறிவூட்டக் கட்டப்பட்ட கே-25 ஆலையின் தேவைக்காக, இயற்பியலாளர் ஆல்ஃபிரெட் நியர் இம்முறையை உருவாக்கினார். அந்த ஆலையின் குழாய்களுக்குள் ஈரக்காற்று புகுந்தால் யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு அதனோடு வினைபுரிந்து திடப்பொருளாகி நுண்துளைத் தடுப்புகளை அடைத்துவிடும் என்பதால், சோப்பு நுரையைப் போன்ற சோதனைகள் அங்கே போதவில்லை.

கசிவின் அளவை இங்கே மில்லிபார்-லிட்டர்/வினாடி என்ற அலகில் குறிப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அலகை எழுதாமல் எண்ணை மட்டும் தருகிறேன். 10⁻⁹ என்ற கசிவின் வழியே ஒரு கன சென்டிமீட்டர் வாயு வெளியேற 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீருக்குள் அமிழ்த்திக் குமிழி பார்க்கும் முறை ஏறத்தாழ 10⁻⁴ வரையில்தான் உதவும். இவ்வளவு நுட்பமான அளவீட்டில், கருவி காட்டும் எண் எப்போதும் பொருளின் கசிவைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பெரும்பாலான தவறான முடிவுகளுக்குக் காரணமாகிறது. நல்ல பொருள்கள் நிராகரிக்கப்படுவதும், கசியும் பொருள்கள் தேர்ச்சி பெற்று வெளியே போவதும் இதனால்தான். ஆகவே, எண்ணின் அளவைவிட அது நேரத்தோடு ஏறி இறங்கும் விதத்தைப் படிக்க வேண்டும் என்பதே இந்த வழிமுறை முழுவதிலும் நான் வலியுறுத்துவது. கீழே வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணத்தைப் பிரித்தறிய உதவுவது பெரும்பாலும் கடிகாரம்தான்.

அறிகுறி: கருவி சோதனை நிலைக்கே வரவில்லை

தொடக்கப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கருவி சோதனை நிலைக்கு மாற மறுக்கிறது. இதற்குக் காரணம் பெரிய கசிவாக இருக்கலாம், ஈரமாக இருக்கலாம், அல்லது பொருளின் கொள்ளளவுக்குப் பம்ப் சிறியதாக இருக்கலாம். மூன்றையும் பிரிப்பதற்கு, பொருளுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வை மூடிவிட்டு, பொருளின் பக்கத்து அழுத்தம் உயர்வதை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஒரே சீராக, நேர்கோட்டில் உயர்ந்துகொண்டே போனால் காற்று உள்ளே வருகிறது. முதலில் வேகமாக உயர்ந்து, பிறகு வளைந்து தட்டையானால், உட்சுவரிலிருந்து நீராவியும் பிற ஆவிகளும் வெளிவருகின்றன. வால்வை மூடியதும் அழுத்தம் ஏறக்குறைய அசையாமலே நின்றால் பொருளில் குறையில்லை. பம்பையும் இணைப்புக் குழாயையும் பாருங்கள்.

பெரிய கசிவு என்று தெரிந்தால் ஹீலியத்தை வீணாக்க வேண்டாம். சற்றே அழுத்தமேற்றிச் சோப்புக் கரைசல் பூசினாலே இடம் தெரிந்துவிடும். ஈரம் என்று தெரிந்தால் மிதமாகச் சூடாக்கி, உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டு மீண்டும் உறிஞ்சுவதை இரண்டு மூன்று முறை செய்வது, வெறுமனே பம்பை மணிக்கணக்கில் ஓடவிடுவதைவிட விரைவில் பலன் தரும்.

அறிகுறி: ஹீலியம் தெளிக்காதபோதே அளவு உயர்ந்து நிற்கிறது

இதைப் பின்புல அளவு என்கிறோம். இங்கே முதலில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: ஜீரோ பொத்தானை அழுத்துவது. அது எண்ணை மறைக்குமே தவிர, காரணத்தை நீக்காது. 10⁻⁷-இல் நிற்கும் பின்புலத்தை ஜீரோ செய்துவிட்டு 10⁻¹⁰ அளவிலான கசிவைத் தேடினால், பின்புலத்தின் ஒரு விழுக்காட்டு அசைவே நாம் தேடும் கசிவைப் போலப் பத்து மடங்கு இருக்கும்.

பொருளைக் கழற்றிவிட்டு, கருவியின் வாயிலைப் பிளாங்க் ஃபிளாஞ்சால் (துளையில்லாத மூடித்தட்டால்) மூடி மீண்டும் ஓட்டுங்கள். பின்புலம் கீழே இறங்கிவிட்டால் காரணம் பொருளிலோ இணைப்பிலோ இருக்கிறது; இறங்காவிட்டால் கருவிக்குள் இருக்கிறது. ஐந்து நிமிடங்களில் முடிகிற இந்த ஒரு சோதனை தேடல் பரப்பைப் பாதியாக்கிவிடுகிறது. ஆனாலும் பல கூடங்களில் இது கடைசியாகத்தான் செய்யப்படுகிறது என்பது வருத்தத்துக்குரியது.

கருவிக்குள்தான் காரணம் என்றால், அண்மையில் பெரிய அளவில் ஹீலியம் உள்ளே போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். எண்ணெய் நிரப்பிய ரோட்டரி பம்பாக இருந்தால், எண்ணெயில் கரைந்த ஹீலியம் மெல்ல மெல்ல வெளிவந்து, நிறமாலைமானியின் வெற்றிடத்தைக் காக்கும் டர்போ பம்பின் வழியே எதிர்த்திசையில் ஏறி நிறமாலைமானியை அடையும். இன்றைய கருவிகள் பலவும் இந்த எதிரோட்டத்தைப் பயன்படுத்தியே ஹீலியத்தை அளக்கின்றன என்பதால், எண்ணெயில் தங்கிய ஹீலியம் நேராக அளவீட்டில் தெரிகிறது. பம்புக்குள் சிறிது காற்றை விடும் கேஸ் பல்லாஸ்ட் வால்வைத் திறந்து 20 அல்லது 30 நிமிடங்கள் ஓடவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வாயிலிலுள்ள ஓ-ரிங்குகளும் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) ஹீலியத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். சிலிக்கோன் வளையங்கள் இதில் மிக மோசம். பம்பின் புகைபோக்கிக் குழாய் சோதனைக் கூடத்துக்குள்ளேயே திறந்திருந்தால், உறிஞ்சிய ஹீலியம் மீண்டும் நம்மைச் சுற்றியே வலம் வரும். அதைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுவது அவசியம்.

பொருளின் பக்கம்தான் காரணம் என்றால், பின்புல எண்ணே நமக்கு ஒரு செய்தியைத் தருகிறது. காற்றில் ஹீலியத்தின் பங்கு பத்து லட்சத்தில் 5 என்பதால், 10⁻² அளவுள்ள காற்றுக் கசிவு ஒன்று இருந்தால், ஹீலியம் தெளிக்காமலேயே கருவி 5 × 10⁻⁸ காட்டும். ஆகவே, எவ்வளவு உறிஞ்சினாலும் இறங்காமல் 5 × 10⁻⁸-இல் நிலைத்து நிற்கும் பின்புலம் ஒரு கணிசமான காற்றுக் கசிவைச் சுட்டுகிறது. அதே எண் மணிக்கு மணி இறங்கிக்கொண்டே வந்தால், அது பழைய ஹீலியம் கழன்று வருவதையே குறிக்கும். பொறுத்திருப்பதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை.

அறிகுறி: ஸ்டாண்டர்ட் லீக் தன் மதிப்பைக் காட்டவில்லை

ஸ்டாண்டர்ட் லீக் என்பது தெரிந்த அளவில் ஹீலியத்தைக் கசியவிடும் ஒப்பீட்டுச் சாதனம். சான்றளிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் லீக்கைத் திறந்ததும் கருவி அதன் மீது பொறித்த மதிப்பைக் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் பலரும் நிறமாலைமானிக்குள் அயனியாக்கத்துக்கு உதவும் இழைக் கம்பியை மாற்றப் போகிறார்கள். அதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள். 10⁻⁷ முதல் 10⁻⁹ வரையிலான ஸ்டாண்டர்ட் லீக்குகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் சவ்வின் வழியே ஹீலியம் ஊடுருவும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கசிவு ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 3 விழுக்காடு மாறும். சான்றிதழ் 23 பாகையில் தரப்பட்டிருக்க, கூடத்தின் வெப்பநிலை 35 பாகையாக இருந்தால், உண்மையான கசிவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அதிகமாக இருக்கும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கருவியை அந்த எண்ணுக்கு இசைத்துவிட்டால், அன்று முழுவதும் ஒவ்வொரு கசிவும் உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். குறைத்துக் காட்டும் பிழை கசியும் பொருளைத் தேர்ச்சி பெறச் செய்துவிடுவதால், மிகைப்படுத்திக் காட்டும் பிழையைவிட இது ஆபத்தானது.

வெப்பநிலை சரியாக இருந்து, தேய்மானத் திருத்தமும் (லீக்கினுள் உள்ள ஹீலியம் காலப்போக்கில் குறைவதற்கானது) செய்த பிறகும் எண் குறைவாகவே இருந்தால், நிறை எண் 4-இன் உச்சத்துக்குக் கருவி இசைந்திருக்கிறதா என்பதைத் தானியங்கி இசைவிப்பின் மூலம் சரிபாருங்கள். இரண்டாவது இழைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் அதே குறை என்றால் அயனிகளை உண்டாக்கும் பகுதி அழுக்கடைந்திருக்கலாம். எண்ணெய் ஆவி நிறைந்த பொருள்களைத் தொடர்ந்து சோதிக்கும் கூடங்களில் இது வழக்கமாக நேர்வது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருவிக்குள் பொருத்தப்பட்ட ஸ்டாண்டர்ட் லீக் கருவியை மட்டும்தான் சரிபார்க்கிறது. பொருளின் மிகத் தொலைவான முனையில் வேறொரு ஸ்டாண்டர்ட் லீக்கைப் பொருத்தி, அது எவ்வளவு காட்டுகிறது, எத்தனை வினாடியில் காட்டுகிறது என்று அளந்தால்தான் குழாய், வால்வு, துணைப் பம்ப் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பின் உணர்திறன் தெரியும். அடுத்து வரும் அறிகுறிகள் பலவற்றுக்கும் விடை அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

அறிகுறி: தெளித்தவுடன் இல்லை, நேரம் கழித்து மெல்ல ஏறுகிறது

ஐயத்துக்கு மிகுதியாக இடம் தரும் அறிகுறி இதுவே. நிதானமாகப் பார்ப்போம்.

முதல் சாத்தியம், அமைப்பின் நேர மாறிலி. பொருளின் கொள்ளளவை, அந்த இடத்தில் ஹீலியம் உறிஞ்சப்படும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் வினாடிகளே அது. 200 லிட்டர் கலனை வினாடிக்கு 2 லிட்டர் வேகத்தில் உறிஞ்சினால் நேர மாறிலி 100 வினாடி. உண்மைக் கசிவின் மீது இடைவிடாது ஹீலியம் தெளித்தால், 100 வினாடியில் இறுதி அளவின் 63 விழுக்காட்டையும், 300 வினாடியில் 95 விழுக்காட்டையும் எட்டும். தெளிப்பானை ஓரிடத்தில் 5 வினாடி மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால், உண்மைக் கசிவின் இருபதில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். பெரிய கலன்களில் பெரும் கசிவுகள் சிறியனவாகப் பதிவாவதற்கு இதுவே காரணம்.

இதைச் சரிசெய்ய வினாடிக்கு 18 லிட்டர் உறிஞ்சும் துணைப் பம்ப் ஒன்றை இணையாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். மொத்த வேகம் 20 லிட்டர் ஆகிறது. நேர மாறிலி 10 வினாடியாகக் குறைகிறது. ஆனால் வரும் ஹீலியத்தில் பத்தில் ஒரு பங்குதான் கருவிக்குள் போகிறது. மீதி துணைப் பம்பின் வழியே போய்விடுகிறது. 5 வினாடித் தெளிப்புக்கு இப்போது கிடைக்கும் உச்ச அளவு உண்மைக் கசிவின் சுமார் 4 விழுக்காடு. அதாவது, முன்பு கிடைத்ததற்கு ஏறக்குறைய சமம். அப்படியானால் ஆதாயம் என்ன? ஏறிய அளவு சில பத்து வினாடிகளில் இறங்கிவிடுகிறது. அடுத்த இணைப்பைச் சோதிக்க உடனே நகரலாம். எந்த இடத்தில் ஏறியது என்ற குழப்பம் இல்லை. கசிவின் இடத்தைக் காண்பதற்குத் துணைப் பம்ப் பேருதவி. கசிவின் அளவைப் பதிவுசெய்யும்போது அந்தப் பத்து மடங்குத் திருத்தத்தை மறக்கக்கூடாது.

இரண்டாவது சாத்தியம், ஓ-ரிங்கின் வழியே ஊடுருவல். ரப்பர் வகைப் பொருள்கள் எல்லாமே ஹீலியத்தைத் தம் உடலுக்குள் கரைத்து மறுபக்கம் விடுகின்றன. விட்டான் என்ற ரப்பர் வகையாலான வளையம் உள்ள ஃபிளாஞ்சைச் (இணைப்புத் தட்டைச்) சுற்றி ஹீலியம் நின்றால், முதல் சில நிமிடங்கள் எதுவும் தெரியாது. பிறகு அளவு மெல்ல ஏறத் தொடங்கி, 10⁻⁸ அல்லது அதற்கும் மேலே போய்ச் சமநிலை அடையும். இது கசிவு அன்று. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் போகாது. இறுக்கியதும் அளவு மாறுகிறதா என்று பார்ப்பதே நல்ல பிரிப்புச் சோதனை. நேர மாறிலியால் வரும் தாமதம் தெளித்த வினாடியிலேயே ஏறத் தொடங்கும், ஏறும் வேகம்தான் குறைவு. ஊடுருவலோ ஒரு மௌனத்துக்குப் பிறகே தொடங்கும். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள, அமைப்பின் நேர மாறிலியை ஸ்டாண்டர்ட் லீக்கைக் கொண்டு முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். ஊடுருவலைத் தவிர்க்க வேண்டுமானால் தெளிக்கும் நேரத்தைக் குறையுங்கள்; அதுவும் போதாது என்றால் செம்பு கேஸ்கெட் கொண்ட உலோக முத்திரைக்கு மாறுங்கள். சாதாரண வெப்பநிலையில் உலோகத்தின் வழியே ஹீலியம் ஊடுருவாது. கண்ணாடி அப்படியன்று, உருக்கிய சிலிக்கா, போரோசிலிகேட் சாளரங்கள் கொண்ட கலன்களில் கண்ணாடியையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாத்தியம், ஹீலியம் காற்றில் மிதந்து வேறிடம் போவது. நீங்கள் தெளிக்கும் இணைப்பில் கசிவே இல்லாமல், அரை நிமிடம் கழித்து மேலேயுள்ள வேறோர் இணைப்பில் ஹீலியம் நுழையலாம். இதனால்தான் தெளிப்பு முறையில் பொருளின் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும் என்கிறார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தெளிப்பானின் முனையை ஒரு குவளை நீரில் வைத்து, குமிழிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிற அளவுக்கு ஓட்டத்தைக் குறையுங்கள். சீறிப் பாயும் ஓட்டம் கசிவின் இடத்தை மறைக்கும். ஐயம் தீராத இணைப்புகளைப் பிளாஸ்டிக் உறையாலும் ஒட்டுநாடாவாலும் தனித்தனியே மூடி, ஒவ்வோர் உறைக்குள்ளும் தனித்தனியே ஹீலியம் விட்டுப் பாருங்கள். இவ்வாறு தெளிக்கும் ஹீலியம் வளிமண்டலத்தில் கலந்து, காலப்போக்கில் புவியை விட்டே போய்விடுகிறது. இயற்கை எரிவாயுவோடு கலந்து கிடைக்கும் சில நாடுகளிலிருந்துதான் அதை நாம் இறக்குமதி செய்துவருகிறோம். குறைவாகத் தெளிப்பது சோதனைக்கும் நல்லது, சிக்கனத்துக்கும் நல்லது.

அறிகுறி: ஏறிய அளவு இறங்க மறுக்கிறது

தெளிப்பதை நிறுத்தி மூன்று நேர மாறிலிகள் கடந்தும் அளவு இறங்கவில்லை என்றால், இன்னும் எங்கோ ஹீலியம் தேங்கியிருக்கிறது. இரட்டைச் சுவர்களுக்கு இடையிலும், போல்ட் துளைகளிலும், வெப்பக் காப்புப் பஞ்சுக்குள்ளும் அது தங்கும். அழுத்தமேற்றிய காற்றை அல்லது நைட்ரஜனை அந்த இடத்தில் ஊதுங்கள். ஊதியதும் சரசரவென்று இறங்கினால், அதே இடத்தில்தான் கசிவும் இருக்கிறது. தேடிய இடம் எதிர்பாராமல் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஊதியும் இறங்காவிட்டால் ஓ-ரிங்குகளோ பம்ப் எண்ணெயோ ஹீலியத்தில் ஊறிவிட்டன. பின்புல அளவு பற்றிய பகுதியில் சொன்ன கேஸ் பல்லாஸ்ட் முறைக்குப் போக வேண்டும்.

அறிகுறி: கசிவு இருப்பது உறுதி, ஹீலியத்துக்கோ எந்த அசைவும் இல்லை

வெற்றிடம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. எங்கே தெளித்தாலும் கருவி அசையவில்லை. ஸ்டாண்டர்ட் லீக் சரியாகக் காட்டுகிறது என்றால், கருவி குற்றமற்றது. இப்போது மூன்று திசைகளில் யோசிக்க வேண்டும்.

கலனுக்குள்ளேயே அடைபட்ட காற்று மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கலாம். குருட்டுத் துளையில் திருகிய போல்ட்டின் அடியில் சிக்கிய காற்று, உள்ளும் புறமும் இரண்டு பக்கமும் முழுமையாகப் பற்றவைத்த மூட்டின் நடுவே சிக்கிய காற்று ஆகியவை நாள்கணக்கில் கசியும். இந்தப் போலிக் கசிவுக்கு வெளியுலகத் தொடர்பே இல்லாததால், ஹீலியம் அதைக் காட்ட முடியாது. வடிவமைப்பில்தான் இதற்குத் தீர்வு: நடுவே துளையிட்ட போல்ட்டுகளைப் பயன்படுத்துவது, வெற்றிடப் பக்கத்தில் தொடர்ச்சியான பற்றவைப்பையும் வெளிப்பக்கத்தில் விட்டுவிட்டுப் பற்றவைப்பையும் செய்வது.

அடுத்தது, கசிவுத் துளை தற்காலிகமாக அடைபட்டிருப்பது. நீரழுத்தச் சோதனைக்குப் பிறகு ஹீலியம் சோதனை செய்யும் கூடங்களில் இது எளிதில் நேரும். நுண்துளைக்குள் புகுந்த நீர், பரப்பு இழுவிசையால் உள்ளேயே நின்றுவிடுகிறது; வெளியிலுள்ள ஒரு வளிமண்டல அழுத்தம் அதைத் தள்ள முடியாது. ஊடுருவு சாயச் சோதனையின் சாயமும், வெட்டெண்ணெயும், விரல் ரேகையின் பிசுக்கும்கூட இதே வேலையைச் செய்யும். ஆகவே ஹீலியம் சோதனையை நீருக்கும் சாயத்துக்கும் முன்னதாக வையுங்கள். இயலாவிட்டால் நூறு பாகைக்கு மேல் சூடாக்கி, வெற்றிடத்தில் உலர்த்திய பின்னரே தொடங்குங்கள். இந்த வரிசையை நான் கறாராக வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலை போன்றவற்றின் நீராவி ஆக்கிகளில், திரவ சோடியத்தையும் உயரழுத்த நீரையும் ஒரு குழாயின் சுவர் மட்டுமே பிரிக்கிறது. குழாய்க்கும் தாங்குதட்டுக்கும் இடையிலான ஒவ்வொரு பற்றவைப்பும் ஹீலியத்தால் சோதிக்கப்படுவது அங்கே சடங்கு அன்று. நீரால் அடைபட்டுச் சோதனையில் தேர்ச்சி பெற்ற துளை, சூடேறியதும் மீண்டும் திறந்துகொள்ளும்.

மூன்றாவது, சாதாரண வெப்பநிலையில் மூடியிருந்து, குளிரில் மட்டும் திறக்கும் கசிவு. மீகடத்திக் காந்தங்களையும் திரவ ஹீலியக் கலன்களையும் கையாள்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். குளிரும்போது உலோகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் மூட்டுகளில் இடைவெளி பிறக்கிறது. அதோடு, 2.17 கெல்வினுக்குக் கீழே திரவ ஹீலியம் மீபாய்ம நிலையை அடைந்து, சாதாரண திரவம் நுழைய முடியாத நுண்வழிகளிலும் உராய்வின்றி ஓடிவிடுகிறது. ஜெனீவா அருகே செர்ன் நிறுவனத்தின் 27 கிலோமீட்டர் ஹாட்ரான் மோதுவியின் காந்தங்கள் 1.9 கெல்வினில் இயங்குகின்றன. அத்தகைய அமைப்புகளில் அறை வெப்பநிலைச் சோதனை ஒன்றே போதாது. மூட்டைத் திரவ நைட்ரஜனில் சில முறை தோய்த்து எடுத்து, ஒவ்வொரு முறையும் மீண்டும் சோதிப்பது குறைந்தபட்சத் தேவை. தோய்த்ததும் உறையும் ஈரத்தை முழுவதும் உலர்த்திய பின்பே தெளிக்க வேண்டும், இல்லையேல் முந்தைய பத்தியில் சொன்ன அடைப்பை நாமே உண்டாக்கிவிடுவோம்.

அறிகுறி: ஸ்னிஃபர் எல்லா இடத்திலும் காட்டுகிறது, அல்லது எங்குமே காட்டவில்லை

பொருளுக்குள் ஹீலியத்தை அழுத்தமேற்றி, வெளியே உறிஞ்சுமுனையால் முகர்ந்து பார்க்கும் இம்முறையில் காற்றே நமக்கு எதிரி. முனை வினாடிக்கு ஒரு கன சென்டிமீட்டர் காற்றை உறிஞ்சினால், அந்தக் காற்றிலுள்ள இயல்பான ஹீலியம் மட்டுமே 5 × 10⁻⁶ காட்டும். அதற்கு மிகக் கீழேயுள்ள கசிவை இம்முறையில் தேடுவது வீண்முயற்சி. வெற்றிட முறைக்கு மாறுங்கள். எல்லா இடத்திலும் உயர்வாகக் காட்டினால், முனையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். வெளியே எண் விழுந்தால் கூடத்தின் காற்று மாசுபட்டிருக்கிறது. முந்தைய பொருளின் ஹீலியத்தைக் கூடத்துக்குள்ளேயே திறந்துவிட்டிருப்பார்கள். இதில் அளவீட்டுப் பிழையைவிடப் பெரிய தீங்கும் உண்டு: மூடிய சிறு அறைக்குள் பெருமளவு ஹீலியத்தைத் திறந்தால், அது ஆக்சிஜனை விலக்கி, எந்த எச்சரிக்கை உணர்வும் தராமல் மூச்சடைக்கச் செய்யும். வெளியேற்றக் குழாயைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோவது கட்டாயம்.

எங்குமே காட்டவில்லை என்றாலும் அதே 5 × 10⁻⁶ உதவிக்கு வரும். சாதாரணக் காற்றுக்கு அந்த எண் வருகிறதா? வராவிட்டால் முனையின் வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கிறது. வந்தால், பொருளுக்குள் ஹீலியம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஒரு முனை மூடிய நீண்ட சுருளுக்குள், இருந்த காற்றை வெளியேற்றாமல் ஹீலியத்தை ஏற்றினால், காற்று கடைக்கோடியில் ஒதுங்கி அழுந்தி நிற்கும். அந்தக் கோடியிலுள்ள கசிவின் வழியே காற்றுதான் வெளிவரும். முதலில் வெற்றிடமாக்கி, பிறகு ஹீலியம் ஏற்றி, பெரிய பொருளாக இருந்தால் அரைமணி நேரமாவது பொறுத்திருந்து தொடங்குங்கள். முனையைப் பரப்பிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் வைத்து, ஸ்டாண்டர்ட் லீக்கைக் கண்டுகொண்ட அதே வேகத்தில் நகர்த்துங்கள். இங்கே கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். கசிந்த ஹீலியம் மேலெழும்பிப் போவதால், மேலிருந்து தொடங்கினால் கீழேயுள்ள கசிவை மேலேயுள்ளதாக எண்ணிவிட நேரும்.

அறிகுறி: இரண்டு கூடங்களில் இரண்டு முடிவு

உங்கள் அறிக்கையும் வாடிக்கையாளரின் அறிக்கையும் சரியாகப் பத்து மடங்கு வேறுபட்டால், பெரும்பாலும் அலகுதான் காரணம்: ஒரு பாஸ்கல்-கன மீட்டர்/வினாடி என்பது 10 மில்லிபார்-லிட்டர்/வினாடி. அலகு காரணம் அன்று என்றால் ஹீலியத்தின் செறிவைக் கேளுங்கள். 10 விழுக்காடு ஹீலியம் கலந்த நைட்ரஜனில் அளந்தவர், திருத்தம் செய்யாவிட்டால், உண்மையில் பத்தில் ஒரு பங்கைத்தான் எழுதியிருப்பார். உறைக்குள் பொருளை வைத்து மொத்தக் கசிவை அளக்கும்போதும் இதே சிக்கல் வரும். ஹீலியம் உறையின் மேற்பகுதியில் திரண்டு, கீழ்ப்பகுதியில் காற்றே நிற்கும் என்பதால், செறிவை ஓரிடத்தில் மட்டும் அளந்து திருத்தக்கூடாது.

அழுத்த வேறுபாடு இன்னும் நுட்பமானது. பெரிய கசிவுகளில் ஓட்டம் இருபுறத்து முழு அழுத்தங்களின் வர்க்க வேறுபாட்டைப் பொறுத்தது. மிகச் சிறிய கசிவுகளில் அழுத்த வேறுபாட்டை மட்டுமே பொறுத்தது. உள்ளே வெற்றிடமும் வெளியே ஒரு பாரும் வைத்து அளந்த எண்ணை, உள்ளே பத்து பாரில் இயங்கப் போகும் பொருளுக்கு ஒரே பெருக்கத்தால் மாற்றிவிட முடியாது. எனவே ஒப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்ட கசிவளவை எழுதும்போது, அலகோடு சோதனை அழுத்தம், அழுத்தத்தின் திசை, ஹீலியத்தின் செறிவு, வெப்பநிலை ஆகிய நான்கையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள்; குளிர்பதனப் பொருளாக இருந்தால் ஆண்டுக்கு எத்தனை கிராம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்-134ஏ வாயு ஆண்டுக்கு 5 கிராம் கசியலாம் என்றால், அந்த வாயுவின் கணக்கில் அது ஏறத்தாழ 4 × 10⁻⁵ ஆகிறது. அதை ஹீலியத்துக்கு மாற்றும்போது எந்த ஓட்ட வகையைக் கொண்டு மாற்றினோம் என்பதையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.